பிரசாதம் சாப்பாட்டில் சேராது

பல்லிடுக்கில் பேரீச்சம்பழத் தோல் ஒன்று மாட்டிக்கொண்டிருக்கிறது. வலது பக்கம், மேலே, கடைசிக் கடைவாய்ப் பல்லுக்கும் அதற்கு முந்தியதற்கும் நடுவில். நாக்கு நுனி அங்கே போகிறது, நெம்புகிறது, திரும்புகிறது, மறுபடி போகிறது. இப்போதைக்கு என் உடம்பில் என் சொல் கேட்பது நாக்கு ஒன்றுதான், அதுவும் கேட்டபாடில்லை. இடது கையில் ஊசி குத்தி குளுக்கோஸ் ஏறுகிறது. வலது கையில் பிரஷர் பட்டை. இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்துப் பலகையில் வைத்துத் துணியால் கட்டியிருக்கிறார்கள். இடுப்புக்குக் கீழே நான் இல்லை. முதுகுத்தண்டில் ஊசி போட்டதும் வெந்நீர் ஊற்றியது போல ஒரு சூடு இறங்கியது, கால்கள் கனத்தன, அப்புறம் அந்தக் கனமும் போய்விட்டது. யாரோ ஒரு காலைத் தூக்கிப் பிடித்து மஞ்சள் மருந்து பூசினார்கள். தொங்கிக்கொண்டிருந்த அந்தக் காலைப் பார்த்து, ஐயோ பாவம் யாருக்கு என்னவோ என்றுதான் முதலில் நினைத்தேன், சத்தியமாக. கட்டை விரல் நகத்தில் சிமெண்ட் அரித்த தழும்பைப் பார்த்த பிறகுதான் சரி, நம்ம சரக்குதான் என்று தெரிந்தது. அதற்குள் நெஞ்சுக்கு நேரே பச்சைத் துணியைத் திரையாகத் தொங்கவிட்டுவிட்டார்கள். அந்தப் பக்கம் நாலு பேர் அந்த முட்டியைத் திறந்துவைத்து வேலை பார்க்கிறார்கள். இந்தப் பக்கம் நான், என் தலை, என் பல், பல்லில் இந்தத் தோல். விழுங்கிவிட்டால் சாட்சி போய்விடும். ஆனால் வரமாட்டேன் என்கிறது.

சாட்சி எதற்கு? யார் என் வாயைத் திறந்து பார்க்கப் போகிறார்கள்? தலைமாட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் ரெஹானா டாக்டரம்மாதான் பார்க்கலாம். மயக்கம் கொடுக்கிற டாக்டர். அவ்வப்போது எழுந்து என் முகத்தைக் குனிந்து பார்க்கிறார், நான் உடனே வாயை மூடிக்கொள்கிறேன். காலையில் என் மனைவி நாகஜோதி வந்தபோது வார்டு முழுக்க இட்லி வாசனை. பக்கத்துக் கட்டில் பெரியவர் சாம்பாரை உறிஞ்சுகிற சத்தம் என் வயிற்றுக்குள் கேட்டது. முந்தின ராத்திரியே ஜெசிந்தா சிஸ்டர் வந்து, “அண்ணே, இனிமே பச்சத்தண்ணிகூட தொண்டையில எறங்கக் கூடாது. நாளைக்கு ஆபரேஷன். சொல்லிட்டேன்” என்று விரலை ஆட்டிவிட்டுப் போயிருந்தார். நாகஜோதிக்கு சிஸ்டர் சொன்னால் அது அரசாங்கச் சட்டம். தண்ணீர் பாட்டில்கூட என் கண்ணில் படக் கூடாது என்று பைக்குள் ஒளித்துவைக்கிறவள் அவள். கட்டிய நாளிலிருந்து நான் சொல்லி ஒன்றைக் கேட்டதில்லை, வெள்ளைக் கோட்டு போட்டவர்கள் சொன்னால் கைகட்டி நிற்பாள். அப்பேர்ப்பட்டவள் அதே பைக்குள் கையை விட்டுப் பழனி பஞ்சாமிர்தம் டப்பாவை எடுக்கிறாள். அவள் தம்பி என் முட்டிக்காக வேண்டிக்கொண்டு ஒட்டன்சத்திரத்திலிருந்து நடந்தே போய் வாங்கிவந்தது. “ஏங்க, ஒரு வாய். ஆ காட்டுங்க.” “சிஸ்டர் என்ன சொல்லிட்டுப் போச்சு?” என்றேன். “சாப்பிடக் கூடாதுன்னு சொன்னாங்க. இது சாப்பாடா? பிரசாதங்க. விரதம் இருக்கிறவங்களே பிரசாதம் வாங்கிக்கிறாங்கள்ல? வேணாம்னு மொகத்தைத் திருப்புனா முருகன் என்ன நெனப்பாரு? அதுவும் இன்னைக்குப் போயி.” அவள் சொன்னதில் அந்த நேரத்தில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை விரதம் என்றால் சாயங்காலம் வரை பட்டினி, ஆனால் கோயில் பொங்கல் கையில் விழுந்தால் அது கணக்கில் வராது. சாமி கொடுத்ததைச் சாமியே எப்படிக் குற்றம் சொல்லும்?

அவள் மேல் பழியைப் போட்டுவிட்டால் லேசாக இருக்கும். போட முடியவில்லை. அவள் கொடுத்தது ஒரு வாய்தான், திருநீறு பூசுகிற பக்தியோடு நாக்கு நுனியில் வைத்தாள். டப்பாவைப் பிடுங்கியது நான். நெய்யும் வாழைப்பழமும் கல்கண்டும் பேரீச்சையும் தொண்டையில் இறங்க இறங்க, முருகனாவது வேலாவது, கையை விட்டு வழித்தேன், டப்பாவின் ஓரத்தில் ஒட்டியிருந்ததை விரலால் சுற்றி எடுத்து நக்கினேன். பக்தி முதல் வாயோடு முடிந்தது, மிச்சமெல்லாம் பசி. நாகஜோதி முந்தானையால் என் வாயைத் துடைத்துவிட்டு, “பாத்தீங்களா, மொகமே தெளிஞ்சிருச்சு” என்றாள். கொஞ்ச நேரத்தில் ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது. தியேட்டர் வாசலில் வைத்துத்தான் ரெஹானா டாக்டரம்மா கேட்டார். “ஏதாவது சாப்பிட்டீங்களா, தவசிலிங்கம்?” கேட்டதோடு விடவில்லை, எதற்காகக் கேட்கிறேன் என்றும் சொன்னார். “இடுப்புக்குக் கீழ மட்டும் மரக்க வைக்கப் போறேன். அது பத்தலன்னா முழு மயக்கம் கொடுக்கணும். அப்ப வயித்துல ஏதாவது இருந்தா மேல வந்து நெஞ்சுக்குள்ள போயிடும். மூச்சுக்குழாய் அடைச்சிக்கும். ஆளையே கொண்டுபோயிடும். அதனால உண்மையச் சொல்லணும்.” எனக்கு வயிற்றுக்குள் பஞ்சாமிர்தம் எழுந்து உட்கார்ந்தது. சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஸ்ட்ரெச்சரைத் திருப்புவார்கள். ஏற்கெனவே இரண்டு தடவை ஆபரேஷனைத் தள்ளியாயிற்று. முதல் தடவை, முட்டி பூசணிக்காயாக வீங்கிக் கொப்புளம் கட்டியிருக்கிறது, வற்றட்டும் என்று தள்ளினார்கள். இரண்டாவது தடவை, தியேட்டர் வாசல் வரை வந்த பிறகு ஏதோ பஸ் விபத்துக் கேஸ் வந்துவிட்டது என்று திருப்பிக் கொண்டுபோனார்கள். நேற்று எலும்பு பார்க்கிற மணிவாசகம் டாக்டர் நேராகவே சொன்னார்: “இதுக்கு மேல தள்ளுனா எலும்பு இருக்கிற கோணல்லயே கூடிடும். அப்புறம் ஒடச்சுத்தான் சேக்கணும், அதுவும் சரியா வராது.” நான், “இல்லைங்க டாக்டரம்மா” என்றேன். “தண்ணி?” “பச்சத்தண்ணிகூட இல்லைங்க.” அது மட்டும் நிஜம். இந்த ஊரில் பாதி உண்மையைப் போலக் கெட்டியான பொய் எதுவும் கிடையாது.

டொக். டொக். ஆரம்பித்துவிட்டார்கள். வலி இல்லை, ஆனால் சத்தம் எலும்பு வழியாகவே ஏறி வந்து காதுக்குள் விழுகிறது, அடி விழும்போதெல்லாம் மேஜையோடு சேர்ந்து என் மண்டை ஒரு நூல் நகர்கிறது. சுத்தியல் சத்தம் எனக்குப் புதுசா? இருபது வருஷமாக டைல்ஸ் போடுகிறவன். போட்டு முடித்ததும் ஒவ்வொரு டைல்ஸையும் தட்டிப் பார்த்துத்தான் எழுந்திருப்பேன். அடியில் கலவை நிறைந்திருந்தால் ஒரு சத்தம், கூடாக இருந்தால் ஒரு சத்தம், மறைக்கவே முடியாது. வீட்டுக்காரர் காபி கொடுத்துப் பேச்சு கொடுத்தாலும் காது அங்கேதான் இருக்கும். வார்டில் எக்ஸ்ரேயை ஜன்னலுக்கு நேரே பிடித்துக்கொண்டு மணிவாசகம் டாக்டர் விளக்கினார். “கால் எலும்போட தலைப்பக்கம் ஒரு மேடை மாதிரி இருக்கும். அதுல வெளிப்பக்கத் துண்டு உள்ள எறங்கிடுச்சு.” “டைல்ஸ் எறங்குன மாதிரியா சார்?” என்றேன். சிரித்துவிட்டார். “அதேதான்னு வச்சுக்கோங்க. கீழேயிருந்து தட்டி மேல தூக்கணும். தூக்குன எடத்துல அடியில குழி விழும், இடுப்பெலும்புலருந்து கொஞ்சம் எடுத்து அதை அடைக்கணும். அப்புறம் பக்கவாட்டுல பிளேட்டு, ஸ்க்ரூ.” அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. எங்கள் தொழிலில் இறங்கிய டைல்ஸை யாரும் தூக்கியதில்லை. உடைத்து எடுத்துவிட்டுப் புதுசு போடுவோம். தரைக்கு அடியில் போய் எவன் தட்டுவான்? அதிலும் பழைய டைல்ஸ் என்றால் வீட்டுக்காரரிடம் முதலில் கேட்கிற கேள்வி, மிச்சப் பெட்டி ஏதாவது பரணில் போட்டுவைத்திருக்கிறீர்களா என்பதுதான், அந்த டிசைன் இப்போது கடையில் வராது. என் முட்டிக்கு எந்தப் பரணில் மிச்சப் பெட்டி இருக்கிறது? டொக். டொக். கூடு சத்தம். நிச்சயமாகக் கூடு சத்தம். அடியில் ஒன்றும் இல்லை, காலியில் அடிக்கிறார்கள், உடையப் போகிறது. கண்ணை இறுக்கி மூடுகிறேன். நெறுக்கென்று ஒன்று முறிகிறது. போச்சு. என் ஆயுசும் போச்சு. திரைக்கு அந்தப் பக்கம் மணிவாசகம் டாக்டர் யாரிடமோ, “பாத்தியா, என்ன அழகா ஏறுது” என்கிறார். முறிந்தது இடுப்பிலிருந்து எடுத்த எலும்பாம், துண்டு போட்டார்களாம். சரி, என் காது இங்கே செல்லாது.

அந்த எலும்பு இறங்கியதும் எதனால்? மூணாவது மாடி சாரத்தில் நின்று வேலை பார்த்திருக்கிறேன், கைப்பிடி இல்லாத படியில் தலையில் பெட்டியோடு ஏறியிருக்கிறேன், ஒரு கீறல் கிடையாது. குட்டியானை என்கிற சரக்கு வண்டியின் பின்பக்கத்திலிருந்து குதித்தேன், ஐயா, வெறும் இடுப்புயரம். தோளில் டைல்ஸ் பெட்டி. இறக்கிவைத்துவிட்டு இறங்கு என்று டிரைவர் சொன்னான், என் அவசரம் எனக்கு. ஒற்றைக் காலில் பாரமெல்லாம் இறங்கியது. உள்ளே ஏதோ நொறுங்கியது கேட்டது. முதலில் பெட்டியைத்தான் பார்த்தேன், ஒரு டைல்ஸ்கூட உடையவில்லை. நான் ஆசுபத்திரியில் விசாரித்ததெல்லாம் ஒன்றே ஒன்று. “குத்தவச்சு உக்கார முடியுமா சார்?” மணிவாசகம் டாக்டர் ஒவ்வொரு நாளும் ஒரு பதில் வைத்திருந்தார். “மொதல்ல வீக்கம் வத்தட்டும்.” “மொதல்ல ஆபரேஷன் முடியட்டும்.” “மொதல்ல நடங்க, அப்புறம் ஓடலாம்.” நான் ஓட்டப்பந்தயத்துக்கா போகிறேன்? டைல்ஸ்காரன் நடந்து வேலை பார்ப்பதில்லை, நின்றும் பார்ப்பதில்லை. காலையில் குத்தவைத்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பான். குத்தவைத்தபடியே பின்னால் பின்னால் நகர்ந்து அறைக் கதவு வரை வந்து வெளியே விழுவான், அதுதான் அவன் போட்ட அறை. என் உலகமே தரையிலிருந்து இரண்டடி உயரம். ஒரு வீட்டுக்குப் போனால் சுவரில் யார் போட்டோ மாட்டியிருக்கிறது என்று கேட்டால் தெரியாது, வாசற்படியில் ரசமட்டத்துக் குமிழி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று சொல்வேன். இப்போது இந்த மூன்று வாரமாக மல்லாந்து கிடந்து மேற்கூரையைப் பார்க்கிறேன். இவ்வளவு காலம் கூரை என்று ஒன்று இருந்ததே எனக்குத் தெரியாது. வீட்டுக் கக்கூஸில் நானே போட்ட இந்தியன் குழி. பெரிய வீடுகளில் வெஸ்டர்ன் வைக்கச் சொன்னால், “ஏன் சார், ஆபீஸுக்குத்தான் நாற்காலி, இதுக்குமா?” என்று கிண்டல் அடித்தவன் நான். சுவர் டைல்ஸ் போடலாமே என்பார்கள். அதிலும் அடி வரிசை என்று ஒன்று இருக்கிறது. அதற்கு யார் குனிவார்? முட்டி மடங்கவில்லை என்றால் நான் டைல்ஸ்காரன் இல்லை. வேறு என்ன என்றும் எனக்குத் தெரியாது. பயமாக இருக்கிறது. அவ்வளவுதான், வேறு வார்த்தை இல்லை.

இடது கைப்பக்கச் சுவரில், திரைக்கு மேலே தெரிகிற இடத்தில், ஒரு டைல்ஸ் வரிசை கோணலாக ஓடிவிட்டது. எவனோ கீழே ஆரம்பிக்கும்போதே தப்பு பண்ணி, மேலே மூலையில் விரல் அகலத்துக்கு டைல்ஸை வெட்டிச் சீவல் வைத்து ஒப்பேற்றியிருக்கிறான். பார்க்காமல் இருக்க முடியவில்லை. கண் அங்கே போகிறது, நாக்கு இங்கே போகிறது, மனசு பஞ்சாமிர்த டப்பாவுக்குப் போகிறது, மூன்றும் ஒரு சுற்று முடிந்து மறுபடி கிளம்புகின்றன. கண்ணை மேலே திருப்பினால் பெரிய விளக்கு. அதன் பளபளப்பு விளிம்பில் வளைந்து, சின்னதாக, ஒரு சிவப்பு தெரிகிறது, சிவப்பில் கையுறை போட்ட விரல்கள், ஏதோ மின்னுகிறது. அதுதான் அந்த முட்டி. உடனே சீவலுக்கே திரும்பிவிட்டேன். வெளியே பெஞ்சில் நாகஜோதி உட்கார்ந்திருப்பாள். காலி டப்பாவை மடியில் வைத்திருப்பாள், பிரசாத டப்பாவைக் குப்பையில் போட மாட்டாள், கழுவிச் சீரகம் போட்டுவைப்பாள். முருகன் பார்த்துக்கொள்வான் என்று நிம்மதியாக இருப்பாள். நான் செத்துப்போனால்கூட அவளுக்கு எதனால் என்று தெரியாது. இல்லை, தெரிந்துவிடும், இவர்கள் போய்க் கேட்பார்கள், ‘அம்மா, உங்க வீட்டுக்காரர் காலைல ஏதாவது சாப்பிட்டாரா?’ அவள் சொல்வாள், ‘ஒண்ணும் சாப்பிடலைங்க, பிரசாதம்தான்.’ சொல்லும்போதே அவளுக்குப் புரியும். தன் கையால் கொடுத்தது என்று புரியும். அதற்கு அப்புறம் அவள் எந்தச் சாமியிடம் போவாள்? ரெஹானா டாக்டரம்மா குனிந்தார். “என்ன தவசிலிங்கம், பயமா இருக்கா? லேசா தூங்க மருந்து போடவா?” “வேணாங்க, முழிச்சே இருக்கேன்.” “இவ்ளோ தைரியமான ஆள நான் பாத்ததில்ல” என்றார் அந்தப் பக்கத்துக்குக் கேட்கும்படி. யாரோ சிரித்தார்கள். தைரியம். பல்லில் தோலை வைத்துக்கொண்டு தைரியம்.

முதலில் அதை வலி என்று நான் நினைக்கவில்லை. தொடையில், ரத்தம் இறங்காமல் இருக்க இறுக்கிக் கட்டியிருக்கும் பட்டைக்குக் கீழே, ஒரு மந்தமான பாரம். இல்லாமல் போயிருந்த தொடை மெல்லத் திரும்பி வருகிறது. வா, என்று சொல்லத் தோன்றியது, வந்து சேர். அப்புறம் பாரம் அழுத்தமாகி, அழுத்தம் கடுப்பாகி, யாரோ தொடையைத் துணி பிழிவதைப் போல முறுக்குகிறார்கள். மரத்தது தெளிகிறது. திரைக்கு அந்தப் பக்கம் இன்னும் முடியவில்லை. “ஸ்க்ரூ சைஸ் மாத்து, இது நீளம்” என்கிறார் டாக்டர். வலிக்குது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் டாக்டரம்மா முழு மயக்கம் கொடுப்பார். கொடுத்தால் பஞ்சாமிர்தம் மேலே வரும். சொல்லாமல் இருந்தால் இந்த முறுக்கல் இறங்கி இறங்கி, திறந்து கிடக்கிற முட்டிக்கு வரும், அங்கே துளை போடுகிறார்கள், அதை நான் முழு உயிரோடு வாங்கிக்கொள்ள வேண்டும். இரண்டு பக்கமும் அடைத்தாயிற்று. அறையைப் பின்பக்கமாகப் போட்டுவந்து கதவில்லாத சுவரில் முதுகு முட்டின மாதிரி. இதுவும் என் கையால் போட்டதுதான். பொறுத்துக்கொள், தவசி. இன்னும் கொஞ்சம்தான். எண்ணிக்கொண்டே இரு. எதை எண்ணுவது? சுவர் டைல்ஸை எண்ணு. சீவல் வரை வருகிறேன், தொடை முறுக்குகிறது, எண்ணிக்கை போய்விடுகிறது, மறுபடி முதலிலிருந்து. முருகா என்று கூப்பிடக்கூட வாய் வரவில்லை, உன் பிரசாதத்தால்தானே இவ்வளவும் என்று ஒரு கோபம், அடுத்த நொடி கன்னத்தில் போட்டுக்கொள்ளக் கை எழப் பார்க்கிறது, கட்டியிருக்கிறது. தலைமாட்டில் இருக்கிற மெஷின் இவ்வளவு நேரம் நிதானமாக டிக் டிக் என்றது. இப்போது ஓடுகிறது.

“வலிக்குதா?” ரெஹானா டாக்டரம்மாவின் முகம் எனக்கு நேரே தலைகீழாகத் தெரிகிறது. “இல்லைங்க.” “தவசிலிங்கம், நீங்க சொல்லாட்டியும் உங்க நாடி சொல்லுது. வேர்த்துக் கொட்டுது உங்களுக்கு. எங்க வலிக்குது?” “தொடையில, லேசா.” அவர் நிமிர்ந்து திரைக்கு மேலாகப் பேசினார். “சார், மரப்பு எறங்குது. இன்னும் எவ்ளோ இருக்கு?” “மூணு ஸ்க்ரூ. அப்புறம் தையல்.” “அப்ப தூங்க வச்சிடறேன்.” இவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். ஒரு டிராயர் இழுபடுகிற சத்தம். ரப்பர் வாசனையோடு ஒரு மூடி என் முகத்தை நோக்கி வருகிறது. “நல்லா மூச்ச இழுங்க, முழிச்சுப் பாக்கும்போது வார்டுல இருப்பீங்க.” நாக்கு நுனி பல்லிடுக்கில் இருக்கிறது. காலி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு நாகஜோதி உட்கார்ந்திருக்கிறாள். சொன்னால் நிறுத்திவிடுவார்கள், முட்டி பாதியில் நின்றுவிடும், பாதித் தரையை எவன் மதிப்பான். மூடி மூக்கைத் தொட்டது. தலையை இடது பக்கம் வெட்டித் திருப்பினேன். “டாக்டரம்மா, சாப்பிட்டேன்.” “என்னது?” “காலைல. பஞ்சாமிர்தம். ஒரு டப்பா.” கத்தினேனா முனகினேனா தெரியவில்லை, ஆனால் திரைக்கு அந்தப் பக்கம் எல்லாச் சத்தமும் நின்றது. மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

“நான் கேட்டேன்ல?” ரெஹானா டாக்டரம்மாவின் குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. “எதுக்குக் கேக்குறேன்னும் சொன்னேன்ல?” “பிரசாதம் சாப்பாட்டுல சேராதுன்னு…” என்று ஆரம்பித்து, வெட்கத்தில் நிறுத்திவிட்டேன். “என் பசிதாங்க. சொன்னா திருப்பி அனுப்பிடுவீங்கன்னு மறைச்சுட்டேன்.” அவர் அந்த மூடியை எடுத்துத் தள்ளி வைத்தார். “நான் வருஷா வருஷம் நோன்பு பிடிக்கிறவ. மறந்துபோயி ஒரு வாய் சாப்பிட்டா அல்லாஹ் மன்னிச்சுடுவான். நுரையீரல் மன்னிக்காதுங்க. என் கையால உங்களைக் கொன்னுருப்பேன். தெரியுமா உங்களுக்கு?” அவர் கண் கலங்கியிருந்தது, அதைப் பார்த்ததும் எனக்கும் தாங்கவில்லை. மணிவாசகம் டாக்டர் திரைக்கு மேலே தலையை நீட்டினார். முகமூடிக்கு மேலே கண் மட்டும். திட்டுவார் என்று நினைத்தேன். “நிறுத்த முடியாது, நிறுத்தவும் மாட்டேன்” என்றார். “தொடைப் பட்டையைத் தளர்த்திடறேன், அந்தக் கடுப்பு போயிடும். முட்டியைச் சுத்தி மரக்கிற ஊசி போடறேன். டாக்டரம்மா வலிக்கு மருந்து கொஞ்சமா ஏத்துவாங்க. முழுசா அடங்காது. கடைசி ஸ்க்ரூ உங்களுக்குத் தெரியும். அசையக் கூடாது. முடியுமா?” “முடியும் சார். சார், ஒண்ணு கேக்கணும்.” “அதான் தெரியுமே.” “நான் உண்மையச் சொல்லிட்டேன் சார். நீங்களும் சொல்லுங்க.” கையிலிருந்ததைக் கீழே வைத்தார். அப்புறம், முதல் தடவையாக, ‘மொதல்ல’ என்ற வார்த்தை இல்லாமல் பேசினார். “முடியாது, தவசிலிங்கம். மட்டம் நல்லா வந்திருக்கு, நான் நெனச்சதைவிட நல்லா வந்திருக்கு. நடப்பீங்க. மாடி ஏறுவீங்க. வண்டி ஓட்டுவீங்க. குத்தவைக்க முடியாது. மடக்குன முட்டியில பாரம் பூரா எறங்குச்சுன்னா நான் தூக்கி வச்சது திரும்ப எறங்கிடும். முன்னாடியே சொல்லியிருக்கணும். எனக்கு மனசு வரல.”

தரை போட்டு முடித்ததும் வாசலில் குறுக்கே ஒரு கயிறு கட்டிவிட்டுத்தான் நான் வீட்டுக்குப் போவேன். கலவை இறுகும் வரை யாரும் மிதிக்கக் கூடாது. எத்தனை வீட்டுக்காரர்கள் கெஞ்சியிருக்கிறார்கள், ஒரு நாள்தானே, ஒரு கால்தானே என்று, நான் விட்டதில்லை. இப்போது என் முட்டிக்குக் குறுக்கே கயிறு கட்டியாயிற்று, இது அவிழ்கிற கயிறு இல்லை. அழுதேன். கை கட்டியிருந்ததால் துடைக்க முடியவில்லை, கண்ணீர் இரண்டு காதுக்குள்ளும் போயிற்று. ரெஹானா டாக்டரம்மா பஞ்சை எடுத்துத் துடைத்தார், அப்புறம் கையை என் நெற்றியிலேயே வைத்துக்கொண்டார். நாகஜோதியிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது? கக்கூஸை இடித்துவிட்டு வெஸ்டர்ன் வைக்க வேண்டும், அதற்கு வேறு எவனையாவது கூப்பிட வேண்டும், அவன் என் வீட்டுத் தரையில் குத்தவைத்து உட்கார்ந்து வேலை பார்ப்பதை நான் நாற்காலியில் இருந்து பார்க்க வேண்டும். கோணலாகப் போட்டால் சொல்வேன். பஞ்சாமிர்தத்தால் என் உயிர் போகப் பார்த்ததை அவளிடம் சொல்ல மாட்டேன், அதை மட்டும் மறைத்துவிடுவேன், கடவுளே, அந்த ஒரு பொய்யை மட்டும் என்னிடம் விட்டுவை. துளை போடுகிற மெஷின் ரீங்கரித்தது. இந்தத் தடவை காதில் கேட்டதோடு நிற்கவில்லை. எங்கேயோ தூரத்தில் ஆரம்பித்து, நெருங்கி, சுள்ளென்று எலும்புக்குள் இறங்கி, மண்டை வரைக்கும் ஒரே கோடாகப் பாய்ந்தது. பல்லைக் கடித்தேன். அந்தத் தோல் பிய்ந்து நாக்கில் விழுந்தது, இனித்தது. “அசையாதீங்க, அசையாதீங்க, இதான் கடைசி” என்றார் டாக்டர். அசையவில்லை. “வலிக்குதா தவசிலிங்கம்?” என்று டாக்டரம்மா குனிந்து கேட்டார். “வலிக்குதுங்க.” “எங்க?” இரண்டு மணி நேரமாக யாருடையதோ போலத் திரைக்கு அந்தப் பக்கம் கிடந்ததை நினைத்துக்கொண்டேன்.

“என் முட்டியிலங்க” என்றேன்.